பூட்டுக்காரரின் பெட்டி

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி. இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதரின் நெஞ்சோடு கிடக்கிறது. ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுத்த பூட்டுக்காரர் தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பழைய கதவுப் பலகையை அறுத்து அவரே செய்து, சந்தை முனையில் வைத்திருந்த கருவிப் பெட்டியின் சாவி.

நடைபாதைக்கு இடைஞ்சல் என்று அந்தப் பெட்டியை நகராட்சி லாரி அள்ளிப் போய் மூன்று வாரமாகிறது. திங்கட்கிழமை ஏலம். அதற்குள் மீட்காவிட்டால் பிழைப்பே போச்சு.

மனைவியோடு நகராட்சிக் கிடங்குக்குப் போவது இது ஐந்தாவது முறை.

"வாங்கின ரசீது எங்க?" என்றார் குமாஸ்தா.

"நானே செஞ்சது சார். எனக்கு நானே எப்படி ரசீது குடுத்துக்கறது?"

"அப்ப உன்னுதுன்னு என்ன ஆதாரம்?"

அவர் கழுத்துச் சாவியால் பெட்டியைத் திறந்து காட்டினார். குமாஸ்தா சிரித்தார். "பூட்டைத் திறக்கறது உன் தொழிலுய்யா. ஊர்ல எந்தப் பூட்டையும் திறப்ப. அதுக்காக எல்லாம் உன்னுதாயிடுமா?"

"எனக்குச் சமைக்கத் தெரியும்கறதால என் அடுப்பு என்னுது இல்லைன்னுவீங்க போலிருக்கே," என்றாள் மனைவி.

குமாஸ்தா முகம் சுளித்தார். மறுப்பை எழுதப் பதிவேடு வேண்டும், பதிவேடு பீரோவுக்குள். அவர் திருகிய சாவி பீரோப் பூட்டுக்குள்ளேயே முறிந்தது.

"இதைக் கொஞ்சம் பாரேன்."

"கருவியெல்லாம் பெட்டியில இருக்கு சார்."

"எடுத்துக்கோ. வேலை முடிஞ்சதும் இருந்த இடத்துலயே வெச்சிடணும்."

பூட்டுக்காரர் மெல்லிய கொக்கியை எடுத்தார். அவர் விரல் பட்டுத் தேய்ந்த பள்ளத்தில் விரல் போய்ப் பொருந்தியது. கண் கலங்கியது. மக்கர் செய்யும் பூட்டை விட்டுவிட்டு எழ அந்தக் கைக்குத் தெரியாது. முறிந்த துண்டு வெளியே வந்தது, பீரோ திறந்தது. குமாஸ்தா பதிவேட்டை விரித்து நிதானமாக எழுதினார்: 'உரிமை நிரூபிக்கப்படவில்லை.'

பூட்டுக்காரர் கொக்கியை அதன் இடத்தில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். சாவி மறுபடி கழுத்துக்குப் போனது.

வாசலில் மனைவி வெடித்தாள். "அந்தக் கொக்கியையாவது மடியில வெச்சுட்டு வந்திருக்கலாமில்ல?"

நெஞ்சில் கிடந்த சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் பொருளை நான் எதுக்கும்மா திருடணும்?"