கச்சேரிக்கு ஒரு மனு

பேசாலைக் கோயில் வளவில் யாரோ "மைக் டெஸ்டிங்" என்கிறார்கள். ஓய்வூதியம் எடுக்கும் எனக்கு உடனே பத்து வயதாகிவிடுகிறது.

"கச்சேரிக்குப் போறதெண்டால் மனுவோடை போகோணும்" என்பார் அப்பா. அவர் சொன்னது அரசாங்க அலுவலகமான கச்சேரியை. நானோ, பெருநாள் பாட்டுக் கச்சேரியில் டிரம்ஸ் அடிப்பவரைச் சந்தித்தே தீருவதென்று, கொப்பித்தாளில் மனு எழுதிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன்.

காவல் நின்றவர் மறித்தார். "எங்கை போறாய், பிள்ளை?"

"மனு குடுக்க வந்தனான்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். டிரம்ஸ்காரர் வியர்வையைத் துடைத்தபடி என் மனுவை வாங்கி உரக்க வாசித்தார். "'தங்கள் கீழ்ப்படிவுள்ள'... ஐயோ, வீட்டிலை நாய்கூட எனக்குக் கீழ்ப்படியிறேல்லை!" பிறகு தடிகளை என் கையில் தந்தார். "அடியுங்கோ, அம்மா."

அடித்தேன். பந்தலே திரும்பிப் பார்த்தது.

பின்னாளில் அப்பா சொன்ன கச்சேரியிலேயே முப்பது வருடம் மனுக்கள் பார்த்தேன். கேட்ட அன்றே முடிவு கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இன்றைக்கு எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருக்கிறார்களாம். நான் மேடைக்குப் பின்னால்தான் போவேன்.