பதினான்காம் மனையின் சுத்தமான குழி

சௌந்தரராஜன் வாழ்நாளில் தோண்டிய குழி எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. அறுபத்திரண்டு வயதில்தான் சொந்த நிலத்தில் தோண்டினார், அதுவும் கூலிக்கு.

தங்கவயலின் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வெடித்து விழுந்த கல்லை அள்ளிக்கொண்டிருந்தவர். சுரங்கத்தை மூடியதும் தினமும் பெங்களூருக்கு ரயிலேறி, பிறர் வீட்டு வாசல்களைக் காவல் காத்தார். கடைசியில் ஆண்டர்சன்பேட்டைக்கு வெளியே ஒரு கிராமத்தில் பதினான்காம் எண் மனையை வாங்கினார். சுரங்கக் குடியிருப்பின் பத்தடி அறையில் உட்கார்ந்தபடியே மனைவி கங்கம்மா புது வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் வரை தேர்ந்தெடுத்துவிட்டாள்.

அப்போது பார்த்து, அங்கே சாலை வெட்டிய இடத்தில் பழைய பானை ஓடுகள் கிளம்பின. வீடு கட்டும்முன் மனைக்கு மனை சோதனைக் குழி தோண்டிப் பார்க்க உத்தரவு வந்தது. ஒன்றும் இல்லையென்றால் கட்டலாம். இருந்தால் செத்தவர்களுக்கே முன்னுரிமை. தொல்லியல் அதிகாரி ஷில்பா தோண்ட ஆள் கேட்டாள். தங்கவயலில் அதற்கா பஞ்சம்? தன் மனையில் சௌந்தரராஜனே கூலிக்கு இறங்கினார்.

மூன்றாம் நாள் மாலை குழியின் அடியில் சாம்பலும் ஓடுகளும் மூன்று கற்களும் தெரிந்தன.

"காலையில வந்து படம் எடுக்கறேன், அங்கிள்" என்று ஷில்பா ஜீப்பில் ஏறினாள்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவன், அடுத்து வருகிறவன் காலில் ஒரு கல்கூட இடறாதபடி வைத்துவிட்டுப் போகவேண்டும். சௌந்தரராஜன் வைத்தார். சாம்பல், ஓடு, கல் எல்லாவற்றையும் அள்ளி வெளியேற்றி, தரையைக் கூட்டியும் விட்டார்.

காலையில் ஷில்பா வெறுங்குழியைப் பார்த்தாள்.

"இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"அள்ளிட்டேன் மேடம். நீங்க வர்றப்ப நீட்டா இருக்கணும்ல."

"இது உங்க சைட்தானே? வீடு கட்டணும்னு வேணும்னேதான் அள்ளியிருக்கீங்க."

பக்கத்து மனைக்காரர் ஃப்ரெடி அவரை ஓரம் கட்டினார். "கம்னு இரு அண்ணா. ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கினு போவட்டும். என் மனையில இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? அவங்க வர்றதுக்கு முன்னாடியே ஜேசிபி வுட்டுட்டேன் நானு."

ஃப்ரெடி அறிவாளி. சௌந்தரராஜனுக்கு அந்த வசதி இல்லை. தினமும் சுரங்க ஷாஃப்ட் வாசலில், தங்கம் ஒளித்திருக்கிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிச் சோதித்தவர்களே அவரைத் திருடன் என்றதில்லை. நேற்று வந்த பெண் சொல்லிவிட்டாள்.

குழிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று குவியல்கள். "மேல் லெவல், நடு லெவல், இது அடி லெவல். கலக்க மாட்டோம் மேடம். கல்லையும் வந்த வரிசையிலதான் வச்சிருக்கேன்."

ஷில்பா சலித்தாள், அளந்தாள், மகிழ்ந்தாள். மிகப் பழைய அடுப்பு. அறிக்கையில் அவரைப் பாராட்டி ஒரு வரி எழுதினாள். பதினான்காம் மனைக்கு வேலி போட்டு, கட்டக்கூடாது என்று பலகை நட்டார்கள். எதுவும் கிடைக்காத ஃப்ரெடியின் மனையில் அடுத்த மாதமே கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று.

ஒரு நாள் சோறு போடும்போது கங்கம்மா சொன்னாள்: "அந்த அடுப்புக்காரியாவது சொந்த மனையில ஆக்கித் தின்னிருக்கா."

சௌந்தரராஜன் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.