சபியா சிரித்த வசனம்

வாசிக்கத் தெரியாத முப்பது பிள்ளைகளை, "என்னமா வாசிக்கிறார்கள்!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மடையன் நான்தான். மருதமுனையில் மாஸ்டராகச் சேர்ந்த முதல் வருடம், ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது.

இரண்டாம் வகுப்பு. முக்கால்வாசி நெசவாளர் பிள்ளைகள். காலையில் ஓதப்பள்ளிக்குப் போய்க் குர்ஆன் ஓதிவிட்டு, அதே சூட்டில் என்னிடம் வருவார்கள். நான் ஒரு வரி வாசிப்பேன். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அதை ராகமாகச் சொல்வார்கள். சில வாரங்களில் புத்தகம் முழுவதும் மனப்பாடம். எனக்கு என்மேல் பெரிய மரியாதை வந்தது. வேறு யாருக்கும் வராததால் அந்த வேலையையும் நானே பார்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் இஸ்மாலெவ்வைக் காக்கா வந்தார். தறிக்காரர், எழுத்துத் தெரியாதவர். மகள் சபியாவை நூல் சுற்ற வீட்டில் நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

"வகுப்பில முதலாவது ஆளையா காக்கா நிப்பாட்டப் போறீங்க? வாசிக்கிறதக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

சபியா முதல் பாடத்தைப் பொழிந்து தள்ளினாள். நான் மீசையைத் தடவினேன்.

"மாஸ்டர், சாறன் வாங்குறவன் தலைப்ப மட்டுமா பாப்பான்? நடுவ விரிச்சிப் பாக்கமாட்டானா?" என்றவர், புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு சொல்லில் விரலை வைத்தார். "இது என்ன மகள்?"

சபியா விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் பாடத்திலிருந்து ஆடத் தொடங்கினாள்.

"எங்கயிருந்து புள்ள ஓடி வாறாய்? விரல் இஞ்சல்லவா இருக்கு!"

"ஒரு மாசம் தாங்க காக்கா" என்று கெஞ்சினேன்.

"ஒரு மாசம். அதுக்கு மறுகா கதையில்ல."

புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வகுப்பின் மணல் தரையில் ஒவ்வொரு நாளும் புது வசனம் எழுதினேன். யாரும் பாடமாக்கியிருக்க முடியாத வசனங்கள். "மீன் சைக்கிளில் சந்தைக்குப் போனது." "ஆடு மாஸ்டரை மேய்த்தது." பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் கூட்டினார்கள்; ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மூன்றாம் வாரம் சபியா, "ஆடு... மாஸ்டரை... மேய்..." என்று நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சிரிப்பில்தான் நான் என் தொழிலைக் கற்றேன். பாடமாக்கிச் சொல்கிறவருக்குச் சிரிப்பு வராது. புதிதாகச் சேரும் தம்பிமாரே, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்ன நாளில் காக்கா வந்தார். "நீங்க எழுதினா நீங்க படிப்பிச்சதாத்தான் இருக்கும். நான் சொல்றத எழுதுங்க" என்று என் காதுக்குள் ஒரு வசனம் சொன்னார்.

"வேற ஏதும் சொல்லுங்களன் காக்கா..."

"எழுதுங்க."

மாற்றி எழுதினால் பிள்ளை மாற்றி வாசிக்கும், குட்டு உடையும். சொன்னபடியே எழுதினேன். சபியா குந்தியிருந்து விரலை நகர்த்தினாள். காக்காவின் உதடும் கூடவே அசைந்தது.

"போன... மாசம்... மாஸ்டர்..." நின்றாள். பயத்தோடு என்னைப் பார்த்தாள். "கள்ளன்... மாதிரி... முழிச்சார்."

வகுப்பே வெடித்தது. அவள்தான் கூடுதலாகச் சிரித்தாள்.

"இனி இவள நூல் சுத்த நிப்பாட்ட மாட்டீங்கதானே காக்கா?" என்று கேட்டேன்.

"மாட்டன், அவள்ற இடத்துக்கு நாளைக்கு நீங்க வாங்க."