பிளாஸ்திரி ஒட்டிய மீட்டர்

போன வாரம் மகள் பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு மல்டிமீட்டர் அனுப்பி வைத்தாள். கூரியர்காரர் கேட் அருகே நின்று ஓ.டி.பி. கேட்டார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அவர் சலித்துக்கொண்டார். ஒருவழியாகப் பெட்டி கைக்கு வந்தது. பிரித்ததும் குப்பென்று அந்த வாசனை. சிவப்பும் கறுப்புமாய்ச் சுருட்டி வைத்த ஒயர்களின் புது ரப்பர் வாசனை. ஹாலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன்.

மல்டிமீட்டர் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். டிவி ரிப்பேர்காரர் இரண்டு ஊசிகளை அங்கேயும் இங்கேயும் வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கருவிதான். கரண்டு எவ்வளவு வருகிறது, ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லும். “ஆயிரக்கணக்கான பேரு நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கப்பா, அதான் வாங்கினேன்” என்றாள் மகள் போனில். முகம் தெரியாத ஆயிரம் பேர் சொல்லி ஒரு மீட்டர் என் வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் இருதயராஜும் மீட்டர் வாங்கின லட்சணம் அவளுக்குத் தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூர். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்து, மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வார நாட்கள் ரயிலிலேயே ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் பூதம் மாதிரி எதிரே வந்து நிற்கும். துணி துவைத்து, ஷேவ் பண்ணி, மெஸ்ஸில் சாப்பிட்டு வந்தாலும் பாதி நாள் மிச்சம் கிடக்கும். கன்னடம் எனக்குத் தெரியும். பேசத்தான் ஆள் இல்லை. ஒருநாள் பழைய புத்தகக் கடையில் எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் ஒன்று கிடைத்தது. வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்யலாம் என்று படம் போட்டிருந்தார்கள். பாட்டுக் கேட்கும் ஆசையெல்லாம் பெரிதாக இல்லை. அறையில் ஏதாவது சத்தம் இருந்தால் போதும் என்றிருந்தது.

சாமான் வாங்க அசோகா ரோடு பக்கம் ஒரு சந்துக் கடைக்குப் போனேன். வாங்க வேண்டியதை மறக்காமலிருக்க எனக்கு நானே தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அவர்தான் இருதயராஜ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆண் நர்ஸ் என்றதும் நான் முழித்தேன், அதற்கும் சிரித்தார். சாமான் வாங்கினால் போதுமா, சோதிக்க மீட்டர் வேண்டாமா என்று கேட்டார். அவரிடமும் மீட்டர் இல்லை. ஆளுக்குப் பாதி போட்டு ஒன்று வாங்குவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அறிமுகமாகி அரைமணிகூட ஆகியிருக்காது!

அன்று நாங்கள் கடைக்காரரைப் படுத்திய பாடு இருக்கிறதே! புது டார்ச் செல் ஒன்றை வாங்கி, கடையிலிருந்த மீட்டர்கள் எல்லாவற்றிலும் அதையே அளந்தோம். ஒன்று கூடக் காட்டியது, ஒன்று குறைத்துக் காட்டியது, இரண்டு ஒத்துப்போயின. அந்த இரண்டில் எதை எடுப்பது என்று அடுத்த ஆராய்ச்சி. நடுவிலுள்ள குமிழைத் திருகி, ஒவ்வொரு எண்ணிலும் ‘டக்’கென்று உட்காருகிறதா என்று காதருகே வைத்துக் கேட்டோம். ஊசி முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்து, ‘கீ’ சத்தம் உடனே வருகிறதா, யோசித்து வருகிறதா என்று பார்த்தோம். ஒயரைப் பிடித்து இழுத்தும் பார்த்தார் இருதயராஜ். பெண் பார்க்கப் போனாலும் இவ்வளவு பார்க்க மாட்டீர்கள் என்று கடைக்காரர் கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இருதயராஜ்தான். காலையில் பெரிய சர்ச்சில் பூசை முடிந்து, தேய்த்த சட்டையோடு நேராக என் அறைக்கு வந்துவிடுவார். ஒயர்களைப் பற்றவைக்கையில் ஈயம் உருகிப் புகை எழும்போது கண்ணை மூடி மூச்சை இழுத்து, கோயிலில் சாம்பிராணி போட்டாற்போல இருக்கிறது என்பார். என்னை ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். மைசூரில் ஆட்டோக்காரரும் குரு, பால்காரரும் குரு என்று பிறகுதான் தெரிந்தது. ஏதோ மரியாதை என்று கொஞ்ச நாள் நான் பூரித்துக் கிடந்தேன். என்னுடைய ‘ஏனுங்க, அப்படிங்களா’ பேச்சை ஒரு ஞாயிறுகூட அவர் கிண்டல் பண்ணாமல் விட்டதில்லை. தன் வீட்டைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். அப்பா அம்மா இல்லை, அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார் என்ற அளவுக்குத் தெரியும்.

ஆம்ப்ளிஃபயர் வளர்ந்துகொண்டே வந்தது. அது வளர வளர எனக்கு ஒரு பயமும் வளர்ந்தது. முடிந்துவிட்டால் இவர் எதற்கு வருவார்? சும்மா வந்து உட்காருங்கள் என்று இன்னொரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அந்தச் சாமர்த்தியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நல்லவேளையாக ஒரு கோளாறு வந்து சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டு கொடுக்கும் சின்னப் பெட்டி பன்னிரண்டு வோல்ட் தரவேண்டும். மீட்டரை வைத்தால் பதினாலைத் தாண்டிக் காட்டியது. அப்படியே இணைத்தால் உள்ளேயுள்ள ஐ.சி. சில்லு கருகிவிடும். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகத்தை மாற்றினோம், அதே பதினாலு. சந்துக் கடையில் டூப்ளிகேட் மாலைத் தள்ளிவிட்டார்கள் என்று திட்டிவிட்டு வேறு கடையில் வாங்கினோம், அதே பதினாலு. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டினோம். ஒருதடவை எனக்கே லேசாகச் சந்தேகம் வந்து, மீட்டரில்தான் ஏதாவது இருக்குமோ என்று கேட்டேன்.

“பிடு குரு, விட்டுத்தள்ளு, மீட்டர் பொய் சொல்லாது. நாம பாத்துப் பாத்து எடுத்ததல்வா?” என்றார் இருதயராஜ்.

அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டேன். கடையில் அத்தனை சோதனை செய்து எடுத்தோம் என்ற திமிர். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம், அளக்கிற சாமானைத் தவிர. அந்தச் சமயத்தில்தான் மீட்டரின் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு துண்டு கத்தரித்து ஒட்டினார். காயத்துக்குக் கட்டுப்போடுகிற மாதிரி அவ்வளவு பதமாக ஒட்டினார். எண்கள் தெரிந்தன, மூலை மட்டும் மறைந்தது. மழைக்காலம் முழுக்க அந்தப் பதினாலு வோல்ட்டைத் துரத்தினோம். என் மைசூர் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று இப்போது சொல்லலாம். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் மேஜைமேல் அரைகுறையாகக் கிடக்க, மீட்டர் உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ரயிலடியில் கை குலுக்கினோம். கட்டிப் பிடித்துக்கொள்கிற பழக்கமெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை.

அவர் போனபிறகு வந்த ஞாயிறுகளில் மீட்டரை நான் தொடவில்லை. ஒருநாள் தூசி தட்டும்போது பிளாஸ்திரி ஓரம் கிளம்பியிருந்தது. முழுதாக உரித்தேன். கீழே விரிசல் எதுவும் இல்லை, கண்ணாடி முழுசாக இருந்தது. ஆன் செய்தேன். அதே மூலையில் குட்டியாக ஒரு பேட்டரி படம் தெரிந்தது. மீட்டருக்குள் இருக்கிற பேட்டரி தீர்ந்துபோனால் வருகிற அடையாளம் அது. பேட்டரி இறங்கினால் இந்த மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு அளந்தேன். பன்னிரண்டு, சுத்தமான பன்னிரண்டு. அந்தப் பெட்டியில் கோளாறே இருந்ததில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்திருக்கிறான் பாவி என்று அறைக்குள்ளேயே சத்தம்போட்டேன். அடுத்த தடவை வீட்டுக்காரர் போனுக்கு மஸ்கட்டிலிருந்து அவர் பேசியபோது நலம் விசாரிக்கக்கூட இல்லை. பிளாஸ்திரியை உரித்துவிட்டேன் என்றேன். லைன் இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னார்:

“ஞாயித்துக்கிழமைன்னா அண்ணியோட சொந்தக்காரங்கல்லாம் வீட்டுக்கு வந்துருவாங்க. நான் உக்கார்ற சேர்ல யாராவது உக்காந்திருப்பாங்க. அந்த டப்பா முடிஞ்சு போயிருந்தா நான் எங்க குரு போறது?”

பின்னால் வீட்டுக்காரம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். “அப்படிங்களா” என்றேன். எனக்கும் அதே பயம்தான், இருதயராஜ் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. லைன் கட்டாகிவிட்டது.

ஆம்ப்ளிஃபயரை நானே முடித்தேன். பிரமாதமாகப் பாடியது. சில வருஷம் கழித்து அவர் லீவில் மனைவி, கைக்குழந்தையோடு வந்தார். போட்டுக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டார், நன்றாக வந்திருக்கிறது என்றார், காபி குடித்தார். இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தோம். மேஜையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குழந்தை அழ ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் கார்டு வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. இப்போது எந்த நாட்டில் இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தச் சந்துக் கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே உருண்டையாக, திறக்க ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல் வருகிறது; கெட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான். என் மனைவி போய்ச் சேர்ந்தபிறகு இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நீளமாகிவிட்டது. நேற்று புது மீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனேன். ப்ளக் பாயின்ட், இன்வெர்ட்டர், டிவி ரிமோட், சுவர்க்கடிகாரம் என்று ஒன்று விடாமல் அளந்து பார்த்தேன். எல்லாமே சரியாக இருக்கிறது.