பசிபிக் கடலும் நான் ஒளித்த எண்பது மூட்டைப் புழுங்கலும்

கடல் சூடானால் மீன்காரருக்குத்தான் தலையிடி, அரிசிக்காரருக்கு இல்லை. லண்டன் டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடைக்குப் பதினெட்டு வருசமாகச் சரக்கு எடுக்கிற நான் அந்தக் கோடைவரை இதை உறுதியாக நம்பியிருந்தேன். கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்கத்தான் எழுதுகிறேன்.

1. எச்சரிக்கை

எங்களுக்கு அரிசி இறக்கித் தருகிற கார்த்திக் தமிழ்நாட்டுக்காரர். ஒருநாள் போனில் சொன்னார்: “சார், எல் நினோ வருதுங்கிறாங்க. பசிபிக் கடல்ல மேல்தண்ணி சூடாகுது. அப்படி ஆனா நம்ம பக்கம் பருவமழை குறையலாம். பச்சரிசி கொஞ்சம் கூடுதலா எடுத்து வைங்க.”

“பசிபிக் எங்க கிடக்கு, டூட்டிங் எங்க கிடக்கு? தண்ணி சூடெண்டா தேத்தண்ணி போடுங்கோ,” என்றேன்.

பகிடிக்கு நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2. பீதி

சில வாரத்தில், இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி. முழுதாக வாசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. லண்டனில் கடைசிச் சோற்றுப் பருக்கையை யாரோ வழித்துத் தின்கிற காட்சி கண்ணில் வந்தது. யாழ்ப்பாணத்து வயிற்றுக்கு அரிசி என்றால் புழுங்கல்தான். ஸ்டோருக்கு ஓடி, எண்பது மூட்டைப் புழுங்கலை டிஷ்யூ பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

முதலாளி சிவா அண்ணை எட்டிப் பார்த்தார். “என்ன ஐசே, ஷெல்லடிக்குப் பயந்து பங்கர் வெட்டுறியோ?”

“கடல் சூடாகுது அண்ணை!”

“உன்ர மண்டையை முதல் ஆற வை.”

முன்தட்டில் இருந்த பச்சையரிசியை நான் கவனிக்கவே இல்லை. “கெதியா வாங்குங்கோ, இனி வராது” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் நானே சொல்ல, சனம் இரண்டு மூன்று மூட்டையாகக் கொண்டு போனது. இரண்டே நாளில் தட்டு வெறுமை.

3. தேர்

மூன்றாம் நாள் கோயில் மடைப்பள்ளியைப் பார்க்கிற பவானி அக்கா வந்தா. “தம்பி, ஞாயிறு தேர். பொங்கலுக்கு அரிசி எங்க?”

வருசாவருசம் அது என் பொறுப்பு. பீதியில் பொங்கலுக்கு எந்த அரிசி என்பதையே மறந்து, நெஞ்சை நிமிர்த்திப் பெட்டிகளை விலக்கினேன்.

அக்கா மூட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தா. “அவிச்சுக் காயவிட்ட அரிசியிலயோ சாமிக்குப் பொங்கிறது? எனக்குப் பச்சை வேணுமடா!”

கார்த்திக்குக்குப் போன் போட்டேன்.

“புழுங்கலுக்குத் தடையே இல்ல சார். பச்சரிசிய மட்டும்தான் நிறுத்தியிருக்காங்க. அன்னிக்கே சொன்னேன்ல?”

“ஓம்… ஆமா…” இரண்டு பாசையிலும் ஒப்புக்கொண்டேன்.

முன்னமே புறப்பட்ட கண்டெய்னர் வருமாம். ஆனால் தேர் முடிந்த பிறகுதான். வேறு இடங்களிலும் கேட்டார், கிடைக்கவில்லை. “தேத்தண்ணி போடுங்கோ” என்று அந்த மனிசன் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கும் அதற்கு நன்றி.

மிச்சம் ஒரே வழி. வாங்கிப் போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் அடித்து, “நான்தான் விசர்க்கதை கதைச்சனான், கோயிலுக்குப் பச்சை வேணும்” என்று சொல்லவேண்டி வந்தது. பக்கத்து நோர்பரியில் இருக்கிற மாமி ஒருத்தி திட்டினா: “உன்ர மூஞ்சியில கிடந்த பயத்தைப் பாத்துத்தானடா மூண்டு மூட்டை வாங்கினனான்! கட்டிலுக்குக் கீழ கிடக்கு, கூட்டவும் ஏலாது. பொறு, கொண்டு வாறன்.”

வந்தா. மோர்டனில் இருந்தும் வந்தார்கள். பிரிக்காத மூட்டை சிலர், பிரித்த மூட்டையை முடிச்சுப் போட்டுச் சிலர். வெள்ளி பின்னேரம் மடைப்பள்ளி வாசலில் அரிசி அடுக்கியிருந்தது. ஒருவரும் என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டினவன் போலப் பார்க்கவில்லை. நானென்றால் பார்த்திருப்பேன்.

அன்றிலிருந்து கார்த்திக்கிடம் அரிசிக்கு முதல் கடலைப்பற்றித்தான் விசாரிக்கிறேன். எங்கோ தண்ணீர் சூடாகி, எங்கோ மழை தப்புமோ என்று பயந்து ஒரு நாடு கதவடைத்தால், எங்கள் தட்டில்தான் தெரியும். செய்தியையும் கடைசி வரிவரை வாசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர் இழுத்தோம். சாமிக்கு நோர்பரி, மோர்டன் வீட்டு அரிசியில் பொங்கினார்கள். அன்னதானத்துக்கு நான் ஒளித்த புழுங்கலில் சோறு வடித்தார்கள். ஒருவரும் பசியோடு போகவில்லை.