ஏழு சாதமும் ஒரு திறக்காத கேட்டும்

என் அத்தை மகள் மஞ்சு அக்காவுக்கு இன்று வளைகாப்பு. நாகப்பட்டினத்தில் அவள் மாமியார் வீட்டில் நடந்தது. பெண்ணின் அம்மா வீட்டிலிருந்து ஏழு வகை சாதம் செய்து கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சாதத்தோடு போன பயணம் இது. வீட்டில் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். ப்ளஸ் டூ முடியும்வரை போன் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தோழி கொடுத்த இந்தப் பழைய போன் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. போர்வைக்குள் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை நாலு மணிக்கு நானும் அம்மாவும் தஞ்சாவூரில் பாசஞ்சர் ஏறினோம். மயிலாடுதுறைக்கு ஆளுக்கு இருபது ரூபாய், ஒன்றரை மணி நேரம். வலதுபக்கம் உட்காருங்கள், வெயில் படாது. அங்கிருந்து அத்தை ஊருக்கு டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஊர் எல்லையில் பொக்லைன் ஒன்று வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டே இறங்கினோம். கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. நெட் இல்லை.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கவலைப்படவில்லை. நாங்கள் வரும்போது கேட் திறந்துதான் இருந்தது. வழக்கம்போல ஏழு மணிக்குத் தானாக மூடிக்கொண்டது. அந்த கேட்டை மாமா மஸ்கட்டிலிருந்து போன் வழியாகத் திறப்பார், மூடுவார். காலையில் எட்டரைக்கு வரும் பால்காரருக்கும் அவர்தான் அங்கிருந்து திறந்துவிடுகிறார். லீவு கிடைக்காமல் அங்கே கிடப்பவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

விடியற்காலையிலேயே சமையல் முடிந்தது. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, புதினா, தயிர், சர்க்கரைப் பொங்கல். பத்தரைக்கு வளையல் போட ஆரம்பிப்பார்கள். நாகப்பட்டினம் இரண்டு மணி நேரம். ஏழரைக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. கேட் அசையவில்லை.

"ரிமோட் எங்க?" என்று அம்மா கேட்டார்.

"தொலஞ்சிடும்னு அவர் பத்திரமா எடுத்துட்டுப் போயிட்டார், அண்ணி."

"கையால திறக்க ஒரு சாவி இருக்குமே?"

"அதுவும் அங்கதான்."

வேன்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "ஏக்கா, கேட்டு நல்ல நேரம் பாத்துத்தான் தொறக்குமா?"

"சிரிக்காதீங்க தம்பி, வழி சொல்லுங்க," என்றார் அத்தை.

"குண்டானைச் செவுத்துக்கு மேல தூக்கிப் போடுங்க. புடிச்சுக்கறேன்."

"புளிசாதம் வரும். தயிர்சாதம் உங்க தலையிலதான் வரும்," என்றார் அம்மா.

சுவர் எட்டடி, மேலே கூர்க்கம்பி. பின்பக்கம் முந்தாநாள் நட்ட குறுவை வயல், முழங்கால் சேறு. மாமாவிடம் பேசவும் வழியில்லை. அத்தையின் போன் வைஃபையில் மட்டும்தான் ஓடுகிறது, ரீசார்ஜ் செய்து மாதக்கணக்காகிறது. அம்மாவுடையது பட்டன் போன், வெளிநாட்டுக்குப் பேச முடியாது. வேன்காரர் போனில் அந்த ஊரில் டவரே இல்லை. மணி ஏழே முக்கால். "புள்ள அங்க மாமியார் வீட்டுல வெறும் தட்டோட உக்காந்திருக்குமே," என்று அத்தை அழ ஆரம்பித்தார்.

என் பைக்குள் இருந்த போனில் வேறு கம்பெனி சிம், முழு சிக்னல். எடுத்தால் அம்மா பார்ப்பார். ஆனாலும் எடுத்துவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டு டிவியை முன்பு ஒருமுறை ஏமாற்றிய அதே வேலைதான். ரவுட்டரை அணைத்தேன். என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அத்தை வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்து மாறாமல் வைத்தேன். கேட்டின் மோட்டார் பெட்டியருகே போய் நின்றேன். அதற்கு இது வேறு நெட் என்று தெரியாது.

முதலில் அத்தையின் போன்தான் அடித்தது. மாமா! ராத்திரி முழுக்க முயற்சி செய்திருக்கிறார். கேட்டில் பச்சை விளக்கு வந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க, நான் தொறக்கறேன்," என்று மஸ்கட்டிலிருந்து மாமா கத்தினார். கேட் நகர்ந்தது. வேன்காரர் விசிலடித்தார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டதில் என் சட்டையெல்லாம் சர்க்கரைப் பொங்கல்.

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் வாடகை மூவாயிரம். என் போனை ஜன்னலில் சாய்த்துவைத்தேன், மாமா வீடியோ காலில் வளைகாப்பு முழுவதையும் பார்த்தார். அக்கா இரண்டு கை நிறைய வளையலோடு ஏழு சாதத்தையும் ருசி பார்த்து, புளிசாதத்துக்கு மறுபடி கை நீட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில் திருவாரூர் தாண்டியதும் அம்மா, "போட்டோவைக் காட்டு," என்றார். பார்த்து முடித்து, "உங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன்," என்றார்.

நீங்கள் செய்ய வேண்டியது: கையால் திறக்கும் சாவி வீட்டில் இருப்பவர் இடுப்பில் இருக்கட்டும். மாட்டுகிறவர் கிளம்புவதற்குள் ரவுட்டரை அணைத்து, எதெல்லாம் வேலை செய்கிறது என்று பாருங்கள். அந்த ஊரில் டவர் கிடைக்கும் சிம் ஒன்றுக்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள். எல்லாவற்றையும் இன்றே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மாமாவுக்கு ஏக சந்தோஷம். விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு என்னைப் பாராட்டப் போகிறாராம். "மச்சான், உங்க பொண்ணு போன் மட்டும் இல்லன்னா..." என்றுதான் ஆரம்பிப்பார். அப்பா என்ன கேட்பார் என்று எனக்கு இப்போதே தெரியும்.

"எந்தப் போன்?"