விரிப்பின் மற்ற இரண்டு மூலைகள்

அம்மா போன மாதம் இறந்தாள். வயது தொண்ணூற்றொன்று. துக்கம் கேட்க வந்தவர்கள் முற்றத்தில் நாற்காலி போதாமல் நின்றார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லி வைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "நீங்க இல்லேன்னா உங்கம்மாவுக்குக் கையே ஓடாது." நான் தலையை ஆட்டினேன். அது பொய் என்பது எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருத்தி போய்விட்டாள். மற்ற இருவர் நானும் தங்கையும்.

அப்பா லாரி ஓட்டினார். ஒருநாள் லாரி மட்டும் திரும்பி வந்தது. அப்போது தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள், தம்பி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் வயதில் இருந்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த லாட்ஜில் அம்மா துணி துவைக்கப் போனாள். சில வருஷங்களில் லாட்ஜின் விரிப்புகள் எங்கள் முற்றத்துக்கே வரத் தொடங்கின. பிறகு இன்னொரு லாட்ஜ், அதன் பிறகு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இரண்டு சிமெண்டுத் தொட்டிகள், சுவருக்குச் சுவர் கொடிக்கயிறு, கூரை போட்ட பக்கத்தில் இஸ்திரி மேசை. அதுதான் எங்கள் லாண்ட்ரி.

அம்மாவுக்கு வாய் நீளம். ஒருமுறை லாட்ஜ் மேனேஜர் ஒரு விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கறை போகலையேம்மா?"

"விரிப்பை நான் வெளுத்துட்டேன் தம்பி. லாட்ஜை நீங்கதான் வெளுக்கணும்."

அவர் விரிப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மாவின் சட்டம் ஒன்றுதான். காய்ந்த விரிப்பு தரையில் படக்கூடாது. ஒரு நுனி பட்டாலும் அது மறுபடி தொட்டிக்குப் போகும். வேலையை ஒழுங்காகச் செய்வது என்றால் என்னவென்று அவளிடம்தான் கற்றேன். இன்றும் எங்கள் அலமாரியில் எந்த விரிப்பின் மடிப்பும் அடுத்ததன் மடிப்பை விட்டு விலகி இருக்காது.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினாள். கணக்கில் நான்தான் முதல். வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்தார்.

"நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. நிறுத்தாதீங்க."

"விரிப்புக்கு நாலு மூலை டீச்சர். எனக்கு ரெண்டு கை. மீதி ரெண்டு மூலையை நீங்க வந்து பிடிக்கிறீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அழுகை வரவில்லை. மீதி இரண்டு மூலை என்னுடையது என்று ஒரு கர்வம்கூட வந்தது.

அம்மா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். விரிப்பை இழுத்து உதறுவோம். சுருக்கம் போனதும் ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். என் மூலைகள் அவள் விரல்களுக்குப் போகும், நான் குனிந்து மடிப்பின் விளிம்பைப் பிடிப்பேன். அவ்வளவு அருகில் வரும்போதெல்லாம் அம்மா ஏதாவது சொல்லுவாள். அப்பா அவளை முதலில் பார்த்த கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, அவளுடைய பயங்கள். பாதியில் விட்ட பேச்சை அடுத்த விரிப்பில் தொடருவாள்.

அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். "இவளை அனுப்பிட்டா விரிப்பை யார் பிடிப்பா?" என்று அம்மா வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவர்கள் அடுத்த தெருவில் பெண் எடுத்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு கைதானே.

தம்பி மின்வாரியத்தில் என்ஜினியர் ஆனான். தங்கை நர்ஸ் ஆனாள். அவளுடைய முதல் யூனிஃபார்முக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். அதில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கியிருக்கும். அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் வாய் ஓயாது.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். அம்மாவுக்குத் துணையாகத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சொன்ன நாளுக்கு முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

அம்மா கொடியிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுத்தாள். கொடியிலேயே அது இரண்டாக மடிந்து தொங்கியிருந்தது. நடு மடிப்பைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு கைகளை அகல விரித்தாள். மூலைகள் தாமாக வருவதுபோல் வந்தன. ஒரு உதறல், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. நுனி தரையில் படவே இல்லை. புதிதாகப் பழகிய கை அப்படி ஓடாது.

தங்கை படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறே?"

"அம்மா தனியா மடிக்கிறா."

"எப்பவும் மடிக்கிறதுதானே. நீ கடைக்குப் போறப்பல்லாம் இப்படித்தான். நான் ஸ்கூல் படிக்கும்போதே பாத்திருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்ததும் அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு மூலைகளை என் பக்கம் நீட்டினாள். "வந்துட்டியா பெரியவளே. இந்தா, பிடி."

நான் பிடிக்கவில்லை.

"தனியா மடிக்க உனக்கு எப்பலேருந்தும்மா தெரியும்?"

"லாட்ஜுக்குப் போன புதுசுலேயே. அங்க யாரு எனக்குத் துணை?"

"அப்ப என்னை எதுக்கு நிறுத்தினே?"

அம்மா விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டாள். மழுப்பவில்லை.

"உங்கப்பா போனப்புறம் பேச ஆள் இல்லடி. சின்னதுங்களுக்கு என்ன புரியும்? நீதான் சொன்னா கேட்டுக்குவே. பேச்சுத் துணைக்குப் பொண்ணு வேணும்னு டீச்சர்கிட்ட சொன்னா விட்டிருப்பாங்களா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ இருந்திருப்பியா?"

இருந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்கவே இல்லையே.

அடுத்த நாளிலிருந்து மூலைகளைப் பிடித்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. அருகில் வரும்போது அம்மா பேசுவாள். நான் விளிம்பைப் பார்த்து நேராக்குவேன். கடைசி வரை அப்படித்தான். அவளைக் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், ஊட்டினேன். பேச்சுத் துணையை மட்டும் கொடுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மாவின் கட்டில் விரிப்பை நானே துவைத்துக் காயப்போட்டேன். எடுக்கும்போது தங்கை ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"விடு. நான் மடிச்சுக்கிறேன்."

"பெருசுக்கா, உன்னால தனியா முடியாது."

"முடியுமாம்."

அவள் விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். நடு மடிப்பைத் தாடைக்கடியில் இடுக்கிக் கைகளை விரித்தேன். ஒரு மூலை வந்தது. இன்னொன்று நழுவித் தரையில் விழுந்தது. நான் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன்.